ஆற்றுக் கல்லா, பனிக் கல்லா

பூமியைத் துளைக்கும் ரிக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பிட் எப்படி மாட்டுவது, பம்ப் எப்படி ஓட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, பயிற்சி கொடுக்க ஆட்களும் இருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தில் இல்லாததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் கரும்புக்குத் தண்ணீர் எடுக்க மணலில் கைக்குழாய் இறக்கிக்கொண்டிருந்தவன் நான். அங்கிருந்து பாறை அறுக்கும் பெரிய ரிக்குக்கு டிரில்லராக வந்தேன். சிபாரிசு இல்லை, சான்றிதழ் இல்லை. எந்திரம் உறுமுகிற சத்தத்தை வைத்தே கீழே இருப்பது களியா, மணலா, கருங்கல்லா என்று சொல்லிவிடுவேன். தென்னார்க்காடு மாவட்டத்தில் அந்தக் காலத்தில் என் கைக்கு ஈடு கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் ஓட்டிய ரிக்கில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் உயிரோடுதான் இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய டிரில்லர் செய்த ஒரு தப்பைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஆபீஸ் விழுப்புரத்தில், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. ரிக் நின்றது திண்டிவனத்துக்குக் கிழக்கே, அறுவடை முடிந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையில்; வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். ஏன் கிழக்கே என்றால், மண்டகப்பட்டில் பல்லவன் குடைந்த பாறை இருக்கிறதே, அந்த மாதிரிக் கெட்டிப் பாறைதான் எங்கள் சீமை முழுக்க அடியில் கிடக்கிறது. கடல் பக்கம் போகப் போக அது ஆழத்தில் இறங்கிவிடும். இறங்கிய பள்ளத்தில் களியும் மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகத் தங்கியிருக்கும், அண்டாவின் அடியில் வண்டல் தங்குவதுபோல. வண்டல் படுகை என்பது அதுதான். அந்த அடுக்குகளை உருளை உருளையாக அறுத்து, கலையாமல் மேலே கொண்டுவந்து பெட்டியில் அடுக்க வேண்டியது என் வேலை. அந்த உருளைக்குத்தான் கோர் என்று பெயர்.

அதைப் படிக்க வேண்டியது எங்கள் புவியியல் ஆபீஸரான மேடத்தின் வேலை. பெயர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், அதற்குப் பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது. முப்பது வயசு இருக்கும். சேற்றில் மண்டி போட்டுக் கோரைப் பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். ஆபீஸர் என்ற பந்தா கிடையாது. எங்கள் பேச்சுத்தான் பேசுவார்.

விழுப்புரம் ஆபீஸ் சுவரில் அவர் மூன்று நீளத் தாள்களைத் தொங்கவிட்டிருந்தார், கூரையிலிருந்து தரை வரைக்கும். இடது பக்கம் வடதுருவத்துப் பக்கம் யாரோ போட்ட குழியின் படம், வலது பக்கம் தென்துருவத்துப் படம். நடுவில் எங்கள் தாள். நான் கோர் எடுக்க எடுக்க அவர் அதில் மேலிருந்து கீழே வரைந்துகொண்டே வருவார்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். "மேடம், ரெண்டு பக்கமும் ஐஸுதான. அப்பறம் எதுக்கு ரெண்டு தாளு?"

அவர் சிரித்தார். "இப்பதான் மேஸ்திரி ரெண்டும் ஐஸு. தெற்கத்தித் தாளுல அடிமட்டத்தப் பாருங்க. அங்க பழங்காலத்துலயே ஒரு தபா பனி மூடியிருக்குது. அப்பறம் அது உருகிப் போயி காடு வந்து, அந்தக் காடுதான் இந்தக் கருப்புக் கோடு, நிலக்கரி. ரொம்பக் காலம் கழிச்சுத்தான் மறுபடியும் பனி. இப்ப வடக்கத்தித் தாளப் பாருங்க. தெக்கே பனி மூடியிருந்த அதே காலத்துல இங்க இன்னா இருக்குது?"

நான் பார்த்தேன். சுண்ணாம்புக் கல்லைக் காட்டும் செங்கல் அடுக்குக் குறிதான் இருந்தது.

"வெதுவெதுன்னு கடலு," என்றார். "பனியே இல்ல. ரெண்டும் இன்னிக்கு ஒரே மாதிரி வெள்ளையா இருக்குது. ஆனா பொறந்த கத வேற, வளந்த கத வேற."

"நம்ம தாளு?"

"நம்ம கெழக்குக் கரையும் அந்தத் தெற்குக் கண்டமும் ஒரு காலத்துல ஒட்டிக்கினு இருந்ததுங்க. அப்ப நம்ம குழியோட அடிமட்டம் அந்தத் தாளு மாதிரி இருக்கணும். இருக்குதான்னு பாக்கத்தான் உங்களப் பேஜாரு பண்ணிக்கினு இருக்கேன்."

எங்கள் ஹெல்பர் ஏழுமலை கெடார் கிராமத்துக்காரன், என்னைவிடப் பத்து வயசு மூத்தவன், வாய் அதிகம். "அப்போ நம்ம கொல்லைல ஐஸு கெடச்சா மொதல்ல எனக்கு ஒரு டம்ளரு மோருல போட்டுக் குடுங்க மேடம்," என்றான்.

ஐஸ் கிடைக்காது, ஐஸ் போட்டுவிட்டுப் போன கல்தான் கிடைக்கும் என்று அவர் விளக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏழுமலையின் துண்டை வாங்கி நாலாக மடித்து, ஈரத்தோடு ஒரு கூடையின் வாய்மேல் விரித்தார். அதன்மேல் ஒரு கூழாங்கல்லைப் போட்டார். துண்டு கல்லுக்குக் கீழே தொய்ந்தது. "மெதக்கற ஐஸு உருகும்போது அதுல ஒட்டிக்கினு இருந்த கல்லு கடலடியில விழும். அங்க இருக்கற மெத்துமெத்துன்னு களி இந்த மாதிரி கீழ அமுங்கும்." பிறகு கல்லை எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் துண்டைப் போர்த்தினார். "ஆத்துல உருண்டு வந்த கல்லு கெட்டி மணல்ல உக்காந்துரும். அப்பறம் வர்ற களி இந்த மாதிரி மேல போத்திக்கும். கோடு கல்லுக்குக் கீழ தொஞ்சா பனி. மேல வளைஞ்சா ஆறு. அவ்ளோதான்."

பத்தாவது படித்தவன்கூடப் புரியாமல் முழிக்கும் விஷயம் எனக்கு ஒரே ஈரத் துண்டில் புரிந்துவிட்டது. அதுதான் வினையாகவும் போனது.

அந்தச் சமயம் தெற்குக் கண்டத்துக்குக் கப்பலில் ஒரு குழு போவதாக இருந்தது. அதில் பாறை பார்ப்பவர்களுக்கு ஒரு இடம் மிச்சம் இருந்தது. யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் சென்னையில் இருந்த ஒரு மூத்த அதிகாரி. மேடம் விண்ணப்பம் போட்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கத்துச் சான்று ஏதாவது இருந்தால் யோசிக்கலாம் என்று பதில் வந்திருந்தது. சான்று கிடைத்தால் கப்பல், கிடைக்காவிட்டால் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொல்லைக்கு டீ கொண்டுவரும் ஆளுக்குக்கூடத் தெரியும். மூன்று வருஷமாக அந்த அம்மா அந்தச் சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடிமட்டத்தை நெருங்கிவிட்டோம். ஒரு காலையில் பேரலை மேலே தூக்கினேன். பேரல் என்பது கோரைப் பிடித்துவரும் குழாய். அதைத் தொங்கவிட்டு, மரச் சுத்தியால் தட்டினால் கோர் வழுக்கி வெளியே வரும், அடிப்பக்கம் முதலில். எல்லோரும் கீழே தகரத் தட்டு வைத்துத்தான் வாங்குவார்கள். நான் வெறுங்கையில் வாங்குவேன். வலது கையில் சுத்தி, இடது கையில் கோர். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பார்ப்பதற்கு ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து வாங்குவேன்.

அன்றைக்குக் கொல்லைக்காரரின் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தட்டினேன். கோர் ஈரமாக இருந்தது, கை வழுக்கியது. மொத்தமும் தரையில் விழுந்து ஏழெட்டுத் துண்டாகச் சிதறியது.

மேடம் விழுப்புரத்தில் இருந்தார். பதற்றப்படாமல் பொறுக்கினேன். உடைந்த சட்டியை ஒட்டுவதுபோல முறிவுக்கு முறிவு பொருத்தினேன். எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒரு துண்டைத் தவிர. ஒரு சாண் நீளம் இருக்கும். குழிக்குள்ளேயே முறிந்து உராய்ந்ததால் இரண்டு முனையும் வழவழ என்று தேய்ந்திருந்தன. எது மேல், எது கீழ் என்று முறிவை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் துண்டின் நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல். கல்லின் ஒரு பக்கம் களியின் கோடுகள் வளைந்திருந்தன.

ஒரு விதமாக வைத்தால் வளைவு மேலே, மறு விதமாக வைத்தால் வளைவு கீழே.

நான் கீழே வருகிற மாதிரி வைத்தேன். யோசித்து வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதிகம் யோசிக்கவும் இல்லை. இந்தக் கல்லுக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம், இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கையே வைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவன் நான் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

மேடம் மத்தியான பஸ்ஸில் வந்தார். பெட்டியைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து தென்துருவத்துக் கோரின் புகைப்படத்தை எடுத்து அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"மேஸ்திரி, இது இன்னான்னு தெரியுதா உங்களுக்கு?"

"கீழ தொஞ்சிக்கினு இருக்குது மேடம். பனி," என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே சென்னைக்குக் கடிதம் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரில் வந்து பார்க்கிறேன் என்று அந்த அதிகாரி தந்தி கொடுத்தார். மேடம் திண்டிவனத்தில் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கினார். நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன். ஏழுமலை என்னை 'துருவ மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்தான். எனக்கும் அது பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. அதிகாரி ஐந்து மணிக்கு வருவார். பெட்டிகள் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஈரத் துணியால் ஒவ்வொரு துண்டாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்தத் துண்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மேல் முனைக்குச் சற்றுக் கீழே, காய்ந்த சேற்றுக்கு அடியில் நாலு கீறல்கள்.

அந்தக் கீறல் என்ன என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் டிரில்லருக்குத் தெரியும். பேரலின் வாயில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. தூக்கும்போது அது கோரை நழுவ விடாமல் அடியில் கவ்வும். கவ்விய இடத்தில் கீறும். கோரின் அடி முனையில்தான் அந்தக் கீறல் வரும், மேல் முனையில் வரவே வராது.

துண்டு தலைகீழாக இருந்தது. வளைவு கல்லுக்கு மேலே. அது ஆற்றுக் கல்.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து சாலையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"யாருக்குத் தெரியப் போவுது மேஸ்திரி? கல்லு வாயத் தொறந்து பேசுமா?"

"மேடம் லென்ஸு வெச்சிப் பாத்தா?"

"அந்தம்மா கல்லப் பாக்கும். ஸ்பிரிங்கு கீறலு அதுக்கு இன்னா தெரியும்? நீ சும்மா இரு. அது ஜல்தியா கப்பல் ஏறட்டும். நல்ல பொண்ணு."

நல்ல பெண் என்பதுதான் என்னை உலுக்கியது. கருவிப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். ரெண்டு இழுப்பு இழுத்தால் கீறல் போய்விடும். அரம் கையில் இருந்தது, கல் மடியில் இருந்தது. நான் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கப்பல் கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் சுவரில் இருக்கும் அந்த நடுத் தாளில் ஒரு பொய் ஏறும், என் கையால். அதைப் பார்த்து இன்னொருவர் இன்னொரு தாளில் வரைவார். எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்றுதான். பெண்ணையாற்றங்கரையில் தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவன் சொல்லி, அதை நம்பி ஒரு குடும்பம் கிணறு வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய பள்ளம் மூடாமலே கிடந்தது.

அரத்தைப் பெட்டியில் போட்டேன்.

மேடம் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே, அதிகாரி வந்துவிட்டால் முடியாது. நான் போய் நின்றேன்.

"மேடம், அந்தத் துண்ட நான் தலகீழா வெச்சிட்டேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். கீறலைக் காட்டினேன். ஸ்பிரிங்கைக் கழற்றி அந்தக் கீறல்களின்மேல் வைத்தேன், பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. கோரைக் கீழே போட்டதையும் சொன்னேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். நிமிரவே இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப தெரிஞ்சிது?"

"இப்பதான் மேடம். தொடைக்கும்போது."

"அன்னிக்கி வெக்கும்போது கீறலு தெரியலியா?"

"பாக்கல."

"பாக்கலியா, பாக்க இஷ்டமில்லியா?"

நான் ஸ்பிரிங்கைப் பேரலில் மாட்டக் குனிந்தேன். அவர் துண்டை எடுத்து, திருப்பி, சரியான பக்கமாகப் பெட்டியில் வைத்தார். பக்கத்தில் இருந்த புகைப்படத்தை எடுத்துப் பைக்குள் போட்டார். டிபன் கேரியர் திறந்தபடியே கிடந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதிகாரி வந்தார். பெட்டியைப் பார்த்தார். "லெட்டர்ல வேற மாதிரி எழுதியிருந்தீங்களேம்மா?"

"தலகீழா வெச்சிட்டோம் சார். இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம். இது ஆத்துக் கல்லு."

"வெச்சது யாரு?"

"கோர செக் பண்ண வேண்டியது என் வேல சார்," என்றார் மேடம்.

நான் முன்னால் போனேன். "வெச்சது நான் சார். கோரக் கீழ போட்டதும் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆள மாத்திருங்க," என்று மேடத்திடம் சொன்னார்.

"வேணாங்க சார். இந்தக் கீறலு இன்னான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவரு வாயத் தொறக்கலன்னா நம்ம ரெண்டு பேரும் அதத் தப்பாவே வரைஞ்சிருப்போம்."

அதிகாரி டீ குடித்தார், ஜீப் ஏறினார். கப்பலில் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போனது. எங்கள் குழி அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் முட்டி முடிந்தது. நடுத் தாளின் அடியில் பனி இல்லை. எங்கள் கொல்லைக்கு அடியில் பனி இல்லை என்பதால் இந்தக் கரையில் எங்குமே இல்லை என்று ஆகிவிடாது, அதையும் மேடம்தான் சொன்னார். ஆனால் அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஏழுமலைக்குச் சொன்னார்.

ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. என்னை வேலையை விட்டுப் போக விடவும் இல்லை, பேசவும் இல்லை. நான் பக்கத்திலேயே நிற்பேன். "ஏழுமலை, அடுத்த குழி ரோட்டுக்கு அந்தாண்ட போடலாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லு," என்பார். ஏழுமலை என் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, அடுத்த குழி ரோட்டுக்கு அந்தாண்டயாம், கேட்டுக்கினியா?" என்பான். "பெய்ண்ட் டப்பா தீந்து போச்சின்னு மேடத்துகிட்ட சொல்லு," என்பேன் நான். அப்போதுதான் கோர் வெளியே வந்த கையோடு ஒவ்வொரு துண்டிலும் மேல்நோக்கிச் சிவப்பு அம்பு போட ஆரம்பித்திருந்தேன். வெறுங்கையில் வாங்குவதை அன்றே விட்டேன். தகரத் தட்டுத்தான். இன்றைக்கு உங்கள் ரிக்குகளில் அம்பு போடுகிறார்கள், அதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வேறு இடங்களில் முன்பே போட்டுக்கொண்டிருந்தார்களாம். எங்கள் ரிக்கில் நான்தான் முதல்.

பிள்ளைகளே, கோர் நழுவினால் நழுவியது என்று எழுதுங்கள். துண்டு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். கல்லை ஆசைப்பட்ட பக்கம் வைக்காதீர்கள். எந்த ஆபீஸரும் உங்களைவிடக் கிட்டத்தில் இருந்து அந்தக் கல்லைப் பார்க்கப் போவதில்லை. மேலே வரும்போது முதலில் தொடுகிற கை உங்களுடையது.

பெட்டிகளை எல்லாம் சென்னைக்கு அனுப்புகிற நாள் வந்தது. விழுப்புரம் ரயிலடியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏழுமலை ரசீது வாங்கப் போயிருந்தான். பிளாட்பாரத்தில் நானும் மேடமும்தான். நடுவில் சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

பெட்டிமேல் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"கோவம் போயிடுச்சின்னு நெனச்சிக்காதீங்க மேஸ்திரி," என்றார். "இருக்குது."

"இருக்கட்டும் மேடம்."

கொஞ்ச நேரம் உரித்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் போயிருப்பேன். அங்க நெஜமான கல்லக் கையில எடுத்துப் பாத்ததும், நம்ம கல்லு இது மாதிரி இல்லியேன்னு தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாம போவாது." உரித்த தோலைத் தண்டவாளத்தில் போட்டார். "திரும்பி வர்றதுக்கு வாரக்கணக்குல ஆவும் மேஸ்திரி. சுத்தியும் தண்ணி. அத்தினி நாளும் அந்தக் கப்பல்ல நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கினு வர்றது?"